தடையே இல்லாத மாத்திரை ஏன் கடையில் இல்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருத்தடை உரிமை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சட்டத்தை விளக்கியவர் மருந்துக்கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

உறவுக்குப் பிறகு கரு தங்காமல் இருக்கப் போடும் அவசரக் கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்று மத்திய அரசு 2005லேயே சொல்லிவிட்டது. பெங்களூரில் தலைவலி மாத்திரை மாதிரிக் கேட்டு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் பல கடைகளில் கேட்டால், "அதெல்லாம் வர்றதில்லைங்க" என்பதுதான் பதில். தடை உத்தரவு எங்கே என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது. பெங்களூரு போய் வருகிறவர்களிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள்.

கடைக்காரர் எல்லாரும் ஒழுக்கக் காவலர்கள் என்று நினைக்க வேண்டாம். சிலர் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலோருக்குப் பயம். கருக்கலைப்பு மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்றால் உரிமம் போய்விடும். அதற்குச் சோதனையும் நடக்கும். அவசர மாத்திரையையும் அதே கணக்கில் சேர்த்து, 'நமக்கு எதுக்கு வம்பு' என்று வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு மருந்துகள். அவசர மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். கருமுட்டை வெளிவருவதை அது தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது.

இதில் நேரம்தான் முக்கியம். உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் சீக்கிரம் போட்டால்தான் பலன் அதிகம். சனிக்கிழமை ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது என்று வையுங்கள். ஞாயிறு பாதிக் கடைகள் இருக்காது. திங்கட்கிழமை நாலு கடை ஏறி இறங்குவதற்குள் கெடு நெருங்கிவிடும். இப்படி அலைவது கல்லூரிப் பெண்கள் மட்டுமல்ல. இரண்டு பிள்ளை பெற்றவர், மற்ற வாடிக்கையாளர்கள் போகட்டும் என்று இருமல் மருந்து அலமாரியையே பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பார். அவர் மெதுவாகக் கேட்டதை, கடைப் பையன் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொல்வான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்குமே என்பார்கள். சரி. ஆனால் கிராம சுகாதார செவிலியர் கையில் இருப்பது 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேடு, அதாவது குழந்தை பெறும் வயதில் உள்ள கல்யாணமானவர்களின் பட்டியல். கல்யாணமாகாத பெண்ணுக்கு அதில் இடம் ஏது? கருக்கலைப்புச் சட்டம்கூட 2021 திருத்தத்தில், கருத்தடை பலிக்காமல் போனால் என்கிற இடத்தில் 'திருமணமான பெண், கணவர்' என்பதை 'பெண், துணைவர்' என்று மாற்றிவிட்டது. பதிவேடு மாறவில்லை.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் பாடு இன்னும் மோசம். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அவர்கள் உறவு கொண்டது தெரிந்தால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதனால் அந்தச் சிறுமி டாக்டரிடம் போகப் பயப்படுகிறாள், டாக்டர் அவளைப் பார்க்கப் பயப்படுகிறார். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது நல்ல விஷயம். ஆனால் அது கருக்கலைப்புக்கு வருபவர்களைப் பற்றியது. கர்ப்பமான பிறகு கிடைக்கிற அந்தக் கொஞ்சப் பாதுகாப்பு, கர்ப்பமாகாமல் இருக்க ஆலோசனை கேட்டு வருபவளுக்கும் வேண்டாமா?

கர்ப்பத்தடை வேண்டும் என்று 1930களிலேயே பகிரங்கமாக எழுதிய பெரியாரின் ஊர்க்காரன் நான். இதை இன்னும் கிசுகிசுத்துக் கேட்க வேண்டியிருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்கலாம், கருக்கலைப்பு மாத்திரை வேறு, இதை வைத்திருப்பதற்காக யார் மீதும் நடவடிக்கை வராது என்று அதில் தெளிவாக இருக்கட்டும். கடைக்காரர்கள் அதைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார்கள். மருந்து ஆய்வாளர்களுக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
ஈரோடு