வினைச்சொல்லுக்காகக் காத்திருத்தல்

காரைக்குடி,
கார்த்திகை 10

அன்புள்ள நண்பருக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் ஆச்சியின் நலமும் அறிய ஆவல். மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் நம் பிள்ளைகள், பாடத்தில் தேர்ந்திருந்தும் ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை எழுத உட்கார்ந்தால் ஏன் தடுமாறுகிறார்கள் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இரண்டு மாதமாக எனக்கும் அதே யோசனைதான். என் தம்பி மகள் பிரிட்டனில் மின்வேதியியல் முதுநிலை படிப்பது தங்களுக்குத் தெரியும். அவளுடைய முதல் அறிக்கையின் வரைவு, ஓரமெல்லாம் ஆசிரியரின் குறிப்புகளோடு திரும்பி வந்ததை எனக்கு அனுப்பியிருந்தாள். முகப்பில் உட்கார்ந்து மூன்று நாள் அதை வரிவரியாகப் படித்தேன்.

இலக்கணப் பிழை அதில் மிகக் குறைவு. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ஒரு மணி நேரத்துக்குள் 150 சொல்லில் ஒன்றும் 250 சொல்லில் ஒன்றுமாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவள் அவள். ஆனால் அந்தத் தேர்வு ஆய்வறிக்கை எழுதச் சொல்வதில்லை. அவள் எழுதிய ஒரு வாக்கியத்தைத் தமிழில் தருகிறேன்: ‘மூன்று தடிமன்களில் துத்தநாகம் பூசி, 3.5 விழுக்காட்டு உப்புநீரில் 30 நாள் ஊறவைத்து எடுத்த இரும்புத் தகடுகளின் எடையிழப்பு அளக்கப்பட்டது.’ தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. அடைகள் எல்லாம் முன்னே வந்து பெயரைத் தாங்கும், வினை கடைசியில் வந்து வாக்கியத்தை முடிக்கும். அதற்காகக் காத்திருப்பது நம் காதுக்குப் பழக்கம். ஆங்கில வாசகரோ எழுவாயைப் பார்த்தவுடன் வினையைத் தேடுகிறார். அவளுடைய ஆங்கில வாக்கியத்தில் எழுவாயே இரண்டு வரிக்கு நீண்டு, அதன் வால்நுனியில் வினை தொங்கியது. ‘வினை எங்கே?’ என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார். தகட்டுக்குப் பூசியது ஒரு வாக்கியம், உப்புநீரில் வைத்தது ஒரு வாக்கியம், எடையிழப்பை அளந்தது ஒரு வாக்கியம் என்று பிரித்து எழுதச் சொன்னேன். ஒரே மாலையில் அந்தப் பகுதி முழுவதையும் அவளே திருத்திவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் வராது என்று இனி யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் ‘எ’, ‘தி’ என்ற இரண்டு சிறு சொற்களும் அவளைப் படாதபாடு படுத்தியிருந்தன. விதிகளை மனப்பாடம் செய்தும் பிடிபடவில்லையாம். அப்பத்தா கதை சொன்னதை நினைத்துப் பார் என்றேன். ‘ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு...’ என்றுதானே கதை தொடங்கும்? முதலில் ‘ஒரு’, கேட்பவருக்கு ஆள் அறிமுகமான பின் ‘அந்த’. எல்லா இடத்துக்கும் இது போதாது. ஆனாலும் செய்முறையை எழுதும் பகுதியில் பாதிக்கு மேல் இதுவே சரிசெய்துவிட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது முடிவுரைதான். மூன்று தடிமன்களைச் சோதித்துவிட்டு, பூச்சு அரிப்பைத் தடுக்கும் என்பது ‘ப்ரூவ்’ ஆகிவிட்டது, அதாவது நிரூபணமாகிவிட்டது, என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு சொல்லை ஆசிரியர் இரண்டு முறை அடித்திருந்தார். ‘அப்படித் தோன்றுகிறது’ என்ற அளவில் நிற்கும் ‘சஜஸ்ட்’ என்ற சொல்லைப் போடு என மாற்றிக் கொடுத்தால் மட்டும் போதுமா? ஏன் என்று அவளுக்கு விளங்க வேண்டும். இராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடல் ஓரமாக நிற்கும் இரும்புக்கு 30 நாளிலா சோதனை முடிகிறது? சான்று எவ்வளவோ, கூற்றும் அவ்வளவே இருக்க வேண்டும். தமிழில் ‘கூடும்’, ‘போலும்’, ‘எனத் தோன்றுகிறது’ என்று எத்தனை நுட்பமான படிகள் இருக்கின்றன! வீட்டில் அவற்றைச் சரளமாகப் பேசும் பிள்ளை, பரிசோதனைக் குறிப்பேட்டைத் திறந்தவுடன் அடித்துச் சொல்வதுதான் அறிவியல் என்று நினைத்துக்கொள்கிறது. நம் ஊர் மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட அதே 1953இல் டிஎன்ஏயின் வடிவத்தைச் சொல்லி வெளிவந்த வாட்சன், கிரிக் கட்டுரையைப் பாருங்கள். மொத்தமே ஒரு பக்கத்துக்குச் சற்று அதிகம். மரபுப் பொருள் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும் வழியைப் பற்றி, அவ்வளவு பெரிய செய்தியை, அடக்கமான ஒரே வாக்கியத்தில் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அதை அவளுக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு கட்டுரையிலிருந்து இரண்டு வாக்கியங்களை அப்படியே எடுத்து, எங்கிருந்து எடுத்தாள் என்று மட்டும் குறித்திருந்தாள். மேற்கோள் குறி இல்லை. அது திருட்டுக்குச் சமம் என்று அங்கே கடுமையாகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை தொலைபேசியில் அழுதுவிட்டது. புத்தகத்தில் உள்ளது எழுத்து மாறாமல் தாளில் இருந்தால் முழு மதிப்பெண் என்று அவளைப் பன்னிரண்டு ஆண்டு பழக்கியவர்கள் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தானே? பெரியவர்கள் சொல்லை மாற்றக் கூடாது என்ற மரியாதையில் செய்ததை அங்கே நேர்மைக் குறைவாகப் பார்க்கிறார்கள். விமானம் ஏறும் முன்பே இதை யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐயா பர்மாவின் இரங்கூனிலிருந்து எழுதி, இப்போது பரணில் இருக்கும் கடிதங்களைச் சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். தேதி, தொகை, வட்டி, யார் கையில் கொடுத்தது என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. கடல் கடந்து நடந்ததை இங்கே வளவில் உட்கார்ந்து படிப்பவர் பேரேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியவை அவை. அவற்றில் ஒன்றைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பி, செய்முறைப் பகுதியை இப்படி எழுது, உன்னைப் பார்த்தறியாத ஒருவர் உன் எழுத்தை மட்டும் வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்றேன்.

அடுத்த ஆண்டு வெளிநாடு போக இருக்கும் நான்கு பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருகிறார்கள். முதலில் தமிழில் எழுதச் சொல்லி, பிறகு வினையை இடம் மாற்றிக் காட்டுகிறேன். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வரும்போது, தாங்கள் திருத்தி வைத்திருக்கும் மாணவர் வரைவுகளில் பத்துப் பன்னிரண்டையாவது, பெயரை மறைத்து, எடுத்து வாருங்கள். என்னிடம் ஒரே ஒரு பிள்ளையின் பிழைகள்தான் இருக்கின்றன.

அன்புடன்,
தங்கள் பழைய அறைத்தோழன்