பழங்குடிப் பிரதிநிதிகளின் ஊதியம்: அமெரிக்காவின் மேய்ன் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அவைத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்கள் அவையில் அமரும் பழங்குடிப் பிரதிநிதிகளுக்கும் மற்ற உறுப்பினர்களுக்கு உள்ள அதே ஊதியத்தை வழங்க வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் தொடங்கிய அவைக்காலம் முதல் உறுப்பினர் ஊதியம் முதலாண்டுக்கு 25,000 டாலர், இரண்டாமாண்டுக்கு 20,000 டாலர் என உயர்ந்தது. பழைய சம்பளத்தில் வசதி உள்ளவர்களும் ஓய்வுபெற்றவர்களும்தான் இப்பணிக்கு வர முடிகிறது என்ற வாதத்தை அன்று நானும் மனமார ஏற்றேன். அந்த நியாயம் பழங்குடிப் பிரதிநிதியை மட்டும் எட்டாமல் போனது ஏன்? அவருக்கு ஆண்டுச் சம்பளம் என்று வைக்காமல், அவைக்கு வந்த நாள்களை எண்ணிப் படி கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாகத் தொடர்கிறது.

நாட்டின் கிழக்கு விளிம்பில், கடலோரத்தில் இருக்கிறது பாசமக்குவாடி என்னும் பழங்குடி மக்களின் ஊரான சிபாயிக். அங்கிருந்து அவை கூடும் தலைநகர் அகஸ்டாவுக்குக் காரில் வர ஏறத்தாழ மூன்று மணி நேரமாகும். பனி கொட்டும் ஜனவரியில் அதற்கும் மேலாகும். வந்து சேர்ந்தபின் குழுக் கூட்டம், மசோதா வாசிப்பு, ஊர் மக்களின் தொலைபேசி அழைப்புகள் என்று வேலை நீள்கிறது. அவை கூடாத நாளிலும் அந்த அழைப்புகள் நிற்பதில்லை, ஆனால் எந்த வருகைப் பதிவேட்டிலும் அந்த உழைப்பு ஏறுவதில்லை. குடும்பத்தைக் காப்பாற்றும் வேலையைப் பாதி ஆண்டுக்கு விட்டுவிட்டு இந்த இருக்கையில் வந்து அமர யாரால் முடியும்?

அவர்களுக்கு அவையில் வாக்கு இல்லையே என்று சிலர் சொல்லக்கூடும். வாக்கு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, கொடுக்காதது நீங்கள். மசோதா கொண்டுவருவது, குழுவில் அமர்வது, விவாதத்தில் பேசுவது ஆகிய அனைத்தையும் அவர்கள் செய்கிறார்கள். வாக்கையும் மறுத்து, அதையே காரணம் காட்டி ஊதியத்தையும் குறைப்பது ஒரே மனிதரை இரண்டு முறை தண்டிப்பதாகும்.

பெனாப்ஸ்காட் என்னும் மற்றொரு பழங்குடி மக்கள் 1823-லேயே, பாசமக்குவாடி மக்கள் 1842-லேயே உங்களிடம் பிரதிநிதிகளை அனுப்பியதாகப் பதிவுகள் சொல்கின்றன. 1941-இல் அவர்களை அவைக்கு வெளியே நிறுத்தினீர்கள். 1975-இல்தான் இருக்கைகளைத் திருப்பித் தந்தீர்கள். இடையில், 1967 வரை, தனிக்குடியிருப்பு நிலங்களில் வாழ்ந்த பழங்குடியினர் மாநிலத் தேர்தலில் வாக்களிக்கவே முடியவில்லை. 2015-இல் அவ்விரு மக்களின் பிரதிநிதிகளும் அவையை விட்டு வெளிநடப்புச் செய்த காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நிலம், நீர், தன்னாட்சி என்று பழங்குடியினரின் நில உரிமைக் கோரிக்கைகளைத் தீர்க்க 1980-இல் செய்த உடன்பாட்டைச் சுற்றி எழும் வழக்குகள் ஒரு மடலில் தீராதவை என்பதை அறிவேன்.

ஆனால் ஊதியம் அப்படிப்பட்டதல்ல. அதற்கு நீதிமன்றம் வேண்டாம், வாஷிங்டனின் ஒப்புதலும் வேண்டாம். பெனாப்ஸ்காட், பாசமக்குவாடி, மாலிசீட் ஆகிய மூன்று பழங்குடிகளின் இருக்கைகளுக்கு ஆகும் செலவு மாநில வரவு செலவில் கண்ணுக்கே தெரியாது. சட்டத்தில் நாள் வருகைப் படி என்று இருப்பதை நீக்கி, மற்ற உறுப்பினர்களுக்கு நிகரான ஊதியம் என்று இந்த அமர்வு முடிவதற்குள் திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
மேய்ன் மாநில வாக்காளர் ஒருவர்