சிரிப்புத் தட்டுகளுக்கு ஒரு கை கொடுங்கள்

அன்புடையீர்,

பழைய கிராமபோன் தட்டுகளைத் தேடிச் சேர்க்கும் சிறிய குழு நாங்கள். நாடகப் பாடகர் கிட்டப்பா பாடிய தட்டு என்றால் கேட்ட விலை கொடுக்க ஆள் வருகிறது. பபூன் பாட்டு, புருஷன் பெண்டாட்டி சண்டை, ஊர் நையாண்டி என்றால் சீந்துவாரில்லை. எங்களிடம் சேர்ந்திருக்கும் 240 தட்டுகளும் அந்த ரகம்தான்.

1920, 30களில் மேடை நாடகம் விடிய விடிய நடக்கும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கமோ சுமார் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். முழுக் கதையைத் துண்டு போட்டு, பல தட்டுகளாக ‘டிராமா செட்’ என்று விற்றார்கள். அந்த மூன்று நிமிடத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது நகைச்சுவைதான் என்பது எங்கள் கட்சி.

வெறும் கேலிதானே என்று தள்ளவும் முடியாது. ‘வள்ளி திருமணம்’ மேடையில் தினைப்புனத்துப் பறவை விரட்டும் சாக்கில், வெள்ளைக் கொக்கு என்று வெள்ளைக்காரனையே விரட்டிப் பாடினார் நாடக நடிகர் விஸ்வநாததாஸ். பலமுறை சிறைக்கும் போனார். அந்தக் காலத்துக் குறும்புக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

இந்தத் தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து செய்தவை. கை தவறினால் ஓட்டாஞ்சில்லிதான். எஃகு ஊசி ஓடிய ஒவ்வொரு முறையும் பள்ளம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. எங்களில் ஒருவர் ஆர்வக்கோளாறில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். அரக்கு கரைந்து பாட்டே போய்விட்டது. (அவர்தான் இப்போது பொருளாளர். பணத்தைப் பத்திரமாகவே வைத்திருக்கிறார்.)

ஓடியன் கம்பெனித் தட்டுகளின் கதை வேறு. இங்கே பதிவாகி, ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தவை அவை. இரண்டாம் உலகப் போரோடு அந்த வரத்தும் நின்றது. இன்று ஒன்று உடைந்தால் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

சரி, பணம் எதற்கு? பின்னால் வந்த எல்பி (நீண்ட நேரம் ஓடும்) தட்டுக்கான ஊசி இந்த அகலப் பள்ளத்துக்கு ஆகாது. தனி ஊசி வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடும் நல்ல சுழல்மேடை, கழுவும் செலவு, அமிலமில்லாத காகித உறை, கணினியில் பதிவு என எல்லாம் சேர்த்துத் தட்டுக்கு 400 ரூபாய். மொத்தம் 96,000. உறுப்பினர்கள் கைக்காசாக 31,000 போட்டுவிட்டோம். மீதி 65,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

ஒரு தட்டுக்கு உரியதைக் கொடுத்தால் அதன் பதிவுக் குறிப்பில் உங்கள் பெயரோ, நீங்கள் சொல்லும் தாத்தா பாட்டி பெயரோ இருக்கும். அப்புறம், ஒலிப்பதிவின் பதிப்புரிமை 60 ஆண்டில் முடிந்துவிடுவதால், பதிவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம்.

பணம் தர இயலாதவர்கள் பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். தட்டு கிடைத்தால் படுக்க வைத்து அடுக்காமல் நிற்க வைத்து, எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். தயவுசெய்து துடைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குழுவினர்