அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்

மதுரையில் சங்கீத சபை நடத்தும் பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்களில் ஒரு சபையார், சென்ற நவராத்திரியின் ஐந்தாம் நாள் கச்சேரி எனக்கு என்று ஆடி மாதமே வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். மீனாட்சி மீது சியாமா சாஸ்திரி பாடிய நவரத்தினமாலிகையின் ஒன்பது கீர்த்தனைகளில் ஒன்றை எடுத்து இரண்டு மாதம் மெருகேற்றினேன். அழைப்பிதழ் வந்தது, ஐந்தாம் நாளில் வேறு பெயர் இருந்தது. கேட்டதற்கு, “உங்கள் உடம்பை நினைத்துத்தான் அம்மா” என்றார் ஒருவர். என் உடம்பை நினைத்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் இந்த மடல் தங்களுக்கில்லை என்று மடித்து வைத்துவிடுவீர்கள்.

எனக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து 4 வருடங்கள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனி காலை 6 மணிக்கு டயாலிசிஸ்; ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கிறது, ஆகையால் நிதி கேட்டு இதை எழுதவில்லை. இடது முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள்; ஊசி இரண்டும் அங்கேதான். தொட்டால் ரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரியும், காதை வைத்தால் ஓசையே கேட்கும். அது எத்தனை கட்டை சுருதி என்று பார்க்க என் மகள் சுருதிப் பெட்டியை எடுத்து வந்து அரைமணி நேரம் திருகினாள். எதிலும் சேரவில்லை. “அம்மா, உன் கை அபசுருதி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்பது மருத்துவர் எனக்கு விதித்த அளவு. காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரிக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். முன்பு பிளாஸ்க் நிறைய வெந்நீர் பக்கத்தில் இருக்கும். இப்போது காலையிலிருந்து மிச்சம் பிடித்து 200 மில்லி கொண்டுபோகிறேன். ஆலாபனை முடிந்து ஒரு மிடறு, மிருதங்கம் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது இரண்டு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. தெருவுக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். நீட்டிய நீர்மோரை வேண்டாம் என்றால் இந்த ஊரில் அது அபசாரம். நீங்கள் கச்சேரி முடிந்து தரும் தட்டில் வாழைப்பழமும் இளநீரும் இருக்கும். இரண்டிலும் என் சிறுநீரகங்களால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம். இரண்டும் மிருதங்கக்காரர் வீட்டுக்குப் போகின்றன.

வீட்டில் காயை வேகவைத்து நீரை வடித்துவிட்டுத்தான் எனக்குத் தனியாகத் தாளிக்கிறார் என் மாமியார். 70 வயதில் இரண்டு அடுப்புச் சமையல். கணவர் விடியற்காலை 5:30 மணிக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு வேலைக்கு ஓடுகிறார். இவர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. ஆனாலும் மகளோடு சேர்த்து மூவருமே, நான் பாடிச் சாதகம் செய்யாத நாளில்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

சிநேகிதர்கள் விஷயம் வேறு. வயலின் வாசிக்கும் தோழி ஞாயிறுதோறும் வருகிறாள். முதல் வருடம் காபியைச் சமையலறையில் ஒளிந்து நின்று குடித்தாள். என் முன்னால் உட்கார்ந்து குடி, மணமாவது எனக்குக் கிடைக்கட்டும் என்று சண்டை போட்டேன். இப்போது உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறாள், கொஞ்சம் அதிகமாகவே. இன்னும் சிலர் தொந்தரவு செய்யக்கூடாதென்று அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். நீங்களும் அந்த வரிசையில் நிற்கிறீர்கள்.

இன்னொரு மனக்குறை. போன மார்கழியில் ஒரு மேடையில், நோயோடு போராடிப் பாட வந்திருக்கிறார் என்று அறிமுகம் செய்தார்கள். வாயைத் திறக்கும் முன்பே கைதட்டல். அன்று ஆனந்தபைரவி ராகம் எனக்குச் சரியாக அமையவில்லை, ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் தடுமாறினேன். முன்பென்றால் முதல் வரிசை மாமா இறங்கியதும் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரைவிட அவருடைய திட்டு எனக்குப் பயன்பட்டிருக்கும்.

எனக்குத் தேதி கொடுக்கும்போது புதன், வெள்ளி, ஞாயிறு மாலையாகப் பார்த்துக் கொடுங்கள். டயாலிசிஸ் ஆன அன்று சக்கையாகப் பிழிந்துபோட்டதுபோல் கிடப்பேன். திங்கள் அதைவிட மோசம். இரண்டு நாள் நீர் சேர்ந்து, பாட்டில் நீளமான சங்கதி வந்தால் மூச்சு வாங்கும். 6:30 மணி என்று அச்சடித்தால் 6:30 மணிக்கே திரை விலகட்டும், சிறப்பு விருந்தினர் உரை பின்னால் இருக்கட்டும். (இது எனக்காக மட்டும் கேட்பதல்ல என்று ரசிகர்கள் சொல்வார்கள்.) கடைசி நேரத்தில் முடியாமல் போனால் என் இடத்தில் பாட என் மாணவி ஒருத்தி தயாராக இருப்பாள், அந்தப் பொறுப்பு என்னுடையது.

இந்த வருட அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை அழையுங்கள். டயாலிசிஸ் நேரமாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டாம். ஊசி இடது கையில்தான். வலது கை நான்கு மணி நேரமும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சும்மாதான் இருக்கும்.

இப்படிக்கு,
எல்லீஸ் நகரிலிருந்து ஒரு வாய்ப்பாட்டுக்காரி