கேள்வி கேட்ட பிள்ளையிடம் மன்னிப்புக் கடிதம் வாங்காதீர்கள்

திருகோணமலையின் கல்வி அதிகாரிகளுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும்,

வணக்கம். தரம் 10 வகுப்பில் நம் ஊர்க் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றிக் கேள்வி கேட்ட என் மகளை வெளியே நிறுத்தி, மன்னிப்புக் கடிதம் எழுதவைத்தது உங்களுக்குத் தெரியும். என் முறைப்பாடும் பாடசாலையின் விளக்கமும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. நான் கேட்பது ஒன்றுதான். வகுப்பில் கேள்வி கேட்டதற்காக எந்தப் பிள்ளையும் தண்டிக்கப்படக் கூடாது என்று எழுத்தில் ஓர் அறிவுறுத்தல் அனுப்புங்கள்.

கீழே எரிமலை இருப்பதால் தண்ணீர் சூடாகிறது என்று குறிப்புச் சொல்லப்பட்டது. "இலங்கையில எரிமலையே இல்லையே ரீச்சர், பிறகு எப்பிடி?" என்று என் மகள் கேட்டாள். சரியான கேள்வி. இந்த நாட்டில் இயங்கும் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவில் இல்லை. அது ஏன் என்று பேசியிருந்தால் ஒரு பாடவேளை போதாது. இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கிய ஊற்று என்ற கதையையும் அவள் அப்பம்மாவிடம் கேட்டு வளர்ந்தவள்தான். இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு நாங்களும் அங்கேதான் போகிறோம். கதை எது, விஞ்ஞானம் எது என்பதில் அவளுக்குக் குழப்பமில்லை.

அவளை வெளியே நிறுத்தியதைக்கூட விட்டுவிடலாம். மன்னிப்புக் கடிதத்தை என்னால் விட முடியவில்லை. 'இனிமேல் ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டேன்' என்று அவள் கையாலேயே எழுதவைத்து, கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு இடம் விட்டு அனுப்பியிருந்தார்கள். நான் கையொப்பமிடவில்லை. ஆனாலும் அந்தக் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. செய்தி ஓடும்போது "அது ஏன் அப்பா?" என்று விடாமல் கேட்கிறவள் இப்போது பேசாமல் இருக்கிறாள். கணக்கில் ஒரு படி விளங்காவிட்டாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடுகிறாள். வாயை மூடினால் நல்ல பிள்ளை என்பதை வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகளும் படித்துவிட்டார்கள்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாடத்தை முடி, பெறுபேற்றைக் காட்டு என்று மேலிருந்து நெருக்கினால் நின்று பதில் சொல்ல அவருக்கு நேரம் ஏது? உங்களிடம் எதிர்க்கேள்வி கேட்க அவருக்கும் பயம்.

ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளை தன் கருத்தைச் சொல்லும் உரிமை அதில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி அரச அலுவலகத்திடம் எந்தப் பிரசையும் தகவல் கேட்கலாம். நாளைக்கு அப்படிக் கேட்க வேண்டிய பிள்ளைகளை இன்றைக்கே கேட்காதே என்று பழக்குகிறோம்.

அதுவும் இந்த ஊரில். 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தபோது, குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டியவை ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அப்படியானால் கொன்றது யார்? இதைக் கேட்க வேண்டிய ஊரில் பிள்ளைகளின் வாயை அடைக்கிறீர்களே!

சரி, கோபத்தில் பெரிய விஷயத்துக்குப் போய்விட்டேன். தயவுசெய்து அந்த மன்னிப்புக் கடிதத்தை என் மகளின் கோவையிலிருந்து எடுத்துவிடுங்கள். கேள்வி கேட்ட பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்ற அறிவுறுத்தலை எல்லாப் பாடசாலைகளுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். "எனக்குத் தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று ஆசிரியர் சொன்னால் அது அவருக்குக் குறைவல்ல என்பதையும் அதில் சேருங்கள். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தரம் 10 மாணவி ஒருத்தியின் தந்தை,
திருகோணமலை.