யார் முகத்தை யார் மறைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பாரிமுனைக் கட்டுரையில், இடிந்து கிடக்கும் பழைய வீடுகள் புதிய கட்டடங்களின் முகத்தை மறைக்கின்றன என்று ஒரு வரி. பாவம், அந்தப் புதிய கட்டடங்கள்!

தங்களுக்குத் தெரியாததில்லை. கட்டுரையாளர் மெய்மறந்து பாராட்டும் உயர் நீதிமன்றமே 1892-இல் வந்ததுதான். அந்த இடத்தில் நம்மவர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரமும் சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் இருந்தன. புனித ஜார்ஜ் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமென்று கிழக்கிந்தியக் கும்பினியார் இடித்துத் தள்ளினார்கள். பெருமாள் பூக்கடைப் பக்கம் குடிபோனார். இதற்குள் வீடு கட்டாதே என்று 1773-இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். மிஞ்சிய ஒன்று, 1940-இல் பாரிமுனையில் எழுந்த டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் நிற்கிறது. இங்கே யார் யாருக்கு இடைஞ்சல்?

என் வீடு மண்ணடியில். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். இரு வீட்டு உத்தரங்களும் அதன்மேல்தான். அந்த வீட்டை வாங்கியவர் மாடிமேல் மாடி எழுப்பத் தொடங்கினார். சுவரில் எங்களுக்கும் பாத்தியதை உண்டு என்றேன். "பத்திரம் இருந்தா எடுத்துட்டு வாங்க பெரியவரே" என்றார் மேஸ்திரி. எடுத்துக்கொண்டு போவதற்குள் பாதிச் சுவர் போய்விட்டது. தேக்குக் கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்புமாக அத்தனை மழைக்கும் அசையாத எங்கள் மெட்ராஸ் டெரஸ் கூரை, இன்று சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து நிற்கிறது. அவர் கட்டடம் கண்ணாடி போட்டு மினுக்குகிறது. நாங்கள் 'இடிந்து கிடக்கும் பழைய வீடு'. இடித்தது யார் என்று கட்டுரையாளர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாசலில் மோர் கொடுத்தே சொல்லியிருப்பேன்.

பொதுவாகவே தங்கள் இதழில் மயிலாப்பூர் என்றால் கோலமும் தேரும். வடசென்னை என்றால் வெள்ளம், வெட்டுக்குத்து, எண்ணூர் எண்ணெய்க் கசிவு. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் இருக்கிறது. தாங்கள் சிறப்பிதழ் போட்டதோ 1873-இல் வந்த சென்ட்ரலுக்கு! அப்போது ராயபுரத்தைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு இடமில்லை. மசாலாப் பொடி விளம்பரத்துக்கு முழுப்பக்கம் இருந்தது.

சுவரைத் தாங்கள் கட்டித் தரமுடியாது. கட்டுரையின் முதல் படத்தில் இருப்பது தம்புச் செட்டித் தெரு; லிங்கிச் செட்டித் தெரு என்று போட்டிருக்கிறீர்கள். அதையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மண்ணடி வாசகன்,
சென்னை-1