பிரேக்கைக் கழற்றச் சொல்லாதீர்கள், மாஸ்டர்

சென்னையில் ஸ்கேட்டிங் கற்றுத்தரும் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். எனக்கு 43 வயது. பத்து மாதமாக இன்லைன் ஸ்கேட்டிங், அதாவது ஒரே வரிசையில் சக்கரங்கள் உள்ள ஸ்கேட்டில் ஓடப் பழகுகிறேன். மகளைச் சேர்க்கத்தான் ரிங்க்குக்கு வந்தேன். "பெரியவங்களுக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டேன். "பாப்பாவோட வரிசையில நில்லுங்க மேடம், பார்த்துக்கலாம்" என்றார் அங்கிருந்த மாஸ்டர். அன்பான மனிதர். ஆனால் எனக்கென்று அவரிடம் பாடம் எதுவும் இல்லை என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

என் ஸ்கேட்டின் வலது குதிகாலில் இருந்த ரப்பர் பிரேக்கை இரண்டாம் நாளே கழற்றச் சொன்னார். ஸ்பீடு ஸ்கேட்டில் பிரேக் கிடையாது, இதில் பழகினால் பின்னால் சிரமம் என்பது அவர் சொன்ன காரணம். போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு அது சரி. நான் எந்தப் போட்டிக்குப் போகப் போகிறேன்? மூன்றாம் வாரம், குறுக்கே வந்த ஒரு குழந்தையின் மேல் மோதாமலிருக்கத் திரும்பினேன். நிற்கத் தெரியவில்லை. கையை ஊன்றி விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஐந்து வாரம் மாவுக்கட்டு.

ஹெல்மெட், முழங்கால் பேட், முழங்கை பேட் எல்லாம் போட்டிருந்தேன். மணிக்கட்டுக் காப்பு (ரிஸ்ட் கார்டு) மட்டும் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்லைனில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டுதான். காப்பு அணியாதவர்களுக்கு அங்கே அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு என்று 1996லேயே ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வு சொல்லியிருக்கிறது.

பெரியவர்கள் விழுவது வேறு மாதிரி. எடை அதிகம், விழும் உயரமும் அதிகம். பயம் வந்தால் உடம்பைப் பின்னால் சாய்த்துவிடுகிறோம், சக்கரம் முன்னால் ஓடிவிடுகிறது. முழங்காலை மடக்கி, பாரத்தை முன்பாதத்தை நோக்கி வைக்க வேண்டும் என்பதே எனக்குப் பாதி மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. கட்டுப் பிரித்த பிறகு, எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நானாகவே நிற்கப் பழகினேன். பிரேக் உள்ள காலைச் சற்று முன்னால் தள்ளி, மடங்கி உட்கார்ந்து, விரல் பக்கத்தைத் தூக்கினால் குதிகால் ரப்பர் தரையில் உரசும். அந்த உரசல் சத்தம் முதன்முதலாகக் கேட்டபோது அழுதுவிட்டேன்.

உங்கள் உழைப்பின் அருமை எனக்குத் தெரியும். 2023 ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் நம் தமிழ்நாட்டு ஸ்கேட்டர்கள் ஆரத்தி கஸ்தூரிராஜும் ஆனந்த்குமார் வேல்குமாரும் ரிலே போட்டிகளில் வெண்கலம் வென்றார்கள். 2025இல் ஆனந்த்குமார் ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் தங்கத்தையே கொண்டுவந்தார். அதற்கு முன் இந்தியாவுக்கு அங்கே சீனியர் பிரிவில் தங்கம் கிடைத்ததில்லை. அவர்கள் பழகும் நேரத்தில் பங்கு கேட்கவில்லை.

வாரத்தில் ஒரு மணி நேரம், பிள்ளைகள் போன பிறகு, பெரியவர்களுக்கு மட்டும் கொடுங்கள். முதல் வகுப்பில் விழவும் எழவும், இரண்டாவதில் பிரேக் போட்டு நிற்கவும் சொல்லிக்கொடுங்கள். ஓடுவது அப்புறம் வரட்டும். மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள், என்னையும் சேர்த்துத்தான். ரிங்க்குக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் நாலு பேர் என்னிடம் ஸ்கேட் அளவு விசாரித்துவிட்டார்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறேன். பிரேக்கைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் கடைசியாக நிற்கும் மாணவி